ஆட்சேபணை இல்லை

சிற்றாறுபுரம்,
12.4.2025

அன்புள்ள தம்பி நயினாருக்கு,

அக்கா எழுதுகிறேன். முட்டி வலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நான் சுகம்தான். உன் சர்க்கரை இப்போது எத்தனையில் நிற்கிறது? கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குளிர் சுகந்திக்கு ஒத்துக்கொண்டதா?

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று அவள் சிரிப்பாள். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்பதைத் தவிர ஏதாவது பேசியிருக்கிறாயா? கடிதம் போட்டால்தான் நாலு வரி எழுதுகிறாய். அதுவும் போக, ஏழாவது வார்டு உறுப்பினராய் ஜெயித்த நாள் முதல் என் போன் தெருக்குழாய் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திறக்கிறார்கள். கடிதம் ஒன்றுதான் எனக்கே எனக்கு. நீ இன்னும் 'லை', 'ணை' எல்லாம் பழைய யானைத் தும்பிக்கை போட்டே எழுதுகிறாய். எழுத்தைத் திருத்தி நாற்பத்தேழு வருஷம் ஆச்சு, அரசாங்க ஆள் நீயே திருந்தவில்லை. சிலேட்டில் நான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது, அவ்வளவு லேசில் போகுமா?

விஷயத்துக்கு வருகிறேன். பார்க்குக்கு நிதி ஒதுக்கிவிட்டார்கள்! மூன்று வருஷம் கத்தினது வீண் போகவில்லை. ஓட்டுக் கேட்கும்போது நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். அடுத்த வீட்டு முத்துலட்சுமியை உனக்குத் தெரியும். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று குற்றாலம் ரோட்டில் நடந்தவளை, போன சீசனில் ஒரு வேன்காரன் இடித்துவிட்டுப் போய்விட்டான். காலில் கம்பி வைத்து, இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். "யக்கா, நீங்க பார்க்கை மட்டும் கட்டித் தாங்க, நான் செக்குமாடு கணக்கா அதுக்குள்ளயே சுத்திக்கிடுதேன்" என்கிறாள்.

இடம்தான் என் வீட்டு எதிரிலேயே இருக்கிறதே. சாரல் நகர் வரைபடத்தில் பச்சை அடித்த இடம். இந்த மனையை நீ எனக்கு வாங்கிக் கொடுத்தபோது, "எதிர்த்தாப்ல பார்க் வருதுக்கா, காத்து வரும்" என்று சொன்னாயே. பதினாலு வருஷமாய் முள்ளு உடைமரம்தான் வந்திருக்கிறது. மார்ச்சுக்குள் வேலை முடியாவிட்டால் நிதி திரும்பிவிடுமாம். மன்றத்தில் என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும், எல்லாம் விவரமாய் எழுது. நீ இதே பேரூராட்சி ஆபீசில் மூன்று வருஷம் இருந்தவன்.

நவம்பரோடு உனக்கு ஓய்வு. ஜனவரியில் இங்கே வந்துவிடு. மாடியில் உங்களுக்கு அறை கட்டுகிறேன். நீ வரும்போது நடப்பதற்குப் பார்க் தயாராய் இருக்கும்.

அக்கா,
சந்தனமாரி


29.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சர்க்கரை இருநூற்றுப் பத்து. சுகந்தி நலம், உங்களைக் கேட்டதாகச் சொன்னாள். முட்டிக்குத் தைலம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

நிதி வந்தது சந்தோஷம். ஆனால் நிதி வந்ததாலேயே வேலை நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முப்பது வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன். முதலில் மன்றத் தீர்மானம், பிறகு மதிப்பீடு, பிறகு அனுமதி, பிறகு ஒப்பந்தப்புள்ளி. ஒவ்வொரு படியிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு ஒரு யோசனை. நான்காவது வார்டில் ஊருணிக் கரையோரம் அரசுப் புறம்போக்கு இருக்கிறது. அங்கே என்றால் எந்த வில்லங்கமும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான். யோசித்துப் பாருங்கள்.

மாடி அறைக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம்.

தம்பி,
நயினார்


18.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. துணி காயவில்லை, மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. நீ மாத்திரையை ஒழுங்காய்ப் போடுகிறாய் என்று நம்புகிறேன்.

நான்காவது வார்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்தானா? கம்பு ஊன்றுகிறவள் அதே குற்றாலம் ரோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்துபோய் அங்கே நடக்க வேண்டும், அப்படித்தானே? நல்ல யோசனை போ.

நேற்று மன்றக் கூட்டம். கேள் கூத்தை. என் பார்க் பொருள் பன்னிரண்டு. பொருள் பதினொன்று என்ன தெரியுமா? சாரல் நகர் மனை போட்டு விற்ற சுந்தரபாண்டியன், அதே இடத்தில் சீசன் வண்டிகளை நிறுத்தவும் நாலு கடை போடவும் மூன்று வருஷத்துக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டிருக்கிறான்! நான் எழுந்து கத்தினேன். "அது பார்க் இடம்லா? யார் வீட்டு இடத்துக்கு யார் லைசென்ஸ் கேக்கது?" செயல் அலுவலர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: "வரைபடத்துல பச்சையாத்தாம்மா இருக்கு. ஆனா அந்த இடத்தைப் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் ஆபீசுல இல்ல. பட்டா இன்னும் அவர் பேர்லதான் ஓடுது." தானப் பத்திரம் வாங்காமலா அன்றைக்கு மனைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்றேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பொருளும் ஒத்திவைப்பு. வடையும் டீயும் மட்டும் ஒத்திவைக்கப்படவில்லை.

வெளியே வந்தால் வாசலில் சுந்தரபாண்டியன். கோபமே இல்லை, நன்றாகச் சிரித்தான். "நயினார் அண்ணாச்சி சௌக்கியமா இருக்காகளா? எப்போ ரிட்டயர்டு?" என்று கேட்டான். நவம்பர் என்றேன். "நல்லபடியா ஆகணும்" என்றான். ஆயிரம் இருந்தாலும் மரியாதை தெரிந்த ஆள்.

அந்தப் பத்திரத்தை எந்தப் புண்ணியவான் முழுங்கினானோ, வேலியே பயிரை மேய்ந்த கதைதான். 2011-இல் நீ அங்கே இருந்தாயே. பத்திரம் வந்ததா இல்லையா? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா


9.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமே விழைகிறேன்.

நான் அப்போது பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்தேன். மனைப் பிரிவு பற்றி நினைவில்லை. பதினான்கு வருஷம் ஆகிவிட்டது.

சுந்தரபாண்டியனிடம் சண்டை வேண்டாம். அத்தான் தவறிய பிறகு வாடகை வீட்டில் நீங்கள் பட்ட பாட்டுக்கு, பாதி விலையில் மனை கொடுத்தவர். பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.

நயினார்


2.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி? போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது. சுகந்தியாவது நாலு வரி சேர்த்து எழுதக் கூடாதா?

லைசென்ஸ் ஒத்திவைப்பு என்றார்கள். ஆனால் உடைமரத்தை வெட்டி, கயிறு கட்டி, வேனெல்லாம் உள்ளேதான் நிற்கிறது. அருவியில் குளித்துவிட்டு வந்து என் வாசலுக்கு எதிரே ஈர வேட்டி பிழிகிறார்கள். யாரைக் கேட்டாலும், "சீசன்லா, ரெண்டு மாசம் பொறுங்க" என்கிறார்கள். மக்கள் என்னையும் பிடித்துக்கொண்டார்கள். "மெம்பருக்கும் பங்கு போகுதோ என்னமோ" என்று பால் வாங்குகிற இடத்தில் ஒருத்தி சொல்கிறாள், என் காதுபட. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் இருந்து ஒரு முட்டை வீட்டுக்குக் கொண்டுவராதவள் நான். 

பழைய கோப்பைப் பார்க்க வேண்டும் என்றால், காணவில்லை என்கிறார்கள். விடுவேனா? மூன்றாவது வார்டு ஹைருன் பீவி உட்கார்ந்து தகவல் அறியும் உரிமையில் மனு எழுதிக் கொடுத்தாள். "யக்கா, இதுல போட்டா காணாமப் போன கோப்பு தானா நடந்து வரும், பாருங்க" என்றாள். ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன்.

மனை கொடுத்தவன் என்று எழுதியிருந்தாய். சும்மாவா கொடுத்தான்? அத்தான் சேமநிதியைக் கொட்டித்தானே வாங்கினோம். அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

மாடிக்குத் தளம் போட்டாயிற்று. ஜன்னலை அந்த இடத்தைப் பார்த்தே வைக்கச் சொன்னேன்.

சந்தனமாரி


1.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாய் உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? போன் போட்டால் சுகந்தி எடுத்து, "கூட்டத்துல இருக்காக" என்கிறாள்.

கோப்பு நடந்து வந்துவிட்டது. முழுக் கோப்பு இல்லை, ஒரே ஒரு தாளின் நகல். அதில் ஒரு கிளார்க் கையால் எழுதிய குறிப்பு: "எல்லைக்குட்பட்ட பூங்கா இடத்திற்கான தானப் பத்திரம் பார்வையிடப்பட்டது. அனுமதி வழங்க ஆட்சேபணை இல்லை." கீழே ஒரு சுருக்கொப்பம், நகலில் மை பரவி என்னவென்று தெரியவில்லை. இந்தக் குறிப்பை நம்பித்தான் அன்றைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பார்வையிடப்பட்டது என்பதற்கும் பெறப்பட்டது என்பதற்கும் என்ன வித்தியாசம்? ஆபீஸ் தமிழ் உனக்குத்தான் தெரியும். எழுது.

அக்கா


15.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வலது கை மணிக்கட்டில் வலி. ஆகவே கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து அனுப்புகிறேன். மற்றபடி நலம்.

தாங்கள் கேட்ட விவரம்: "பெறப்பட்டது" என்றால் ஆவணம் அலுவலகத்தின் வசம் வந்துவிட்டது என்று பொருள். "பார்வையிடப்பட்டது" என்றால் ஆவணம் காட்டப்பட்டது, பார்க்கப்பட்டது, அவ்வளவே. அது பதிவு செய்யப்பட்டதா, பிறகு கொடுக்கப்பட்டதா என்பதற்குக் குறிப்பு எழுதியவர் பொறுப்பாக மாட்டார். மேலதிகாரிதான் கேட்டிருக்க வேண்டும்.

இதைப் பெரிதாக்குவதால் யாருக்கும் பயனில்லை.

இப்படிக்கு,
நயினார்


28.9.2025

தம்பி நயினாருக்கு,

கை வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தேன். அறுபது வயசில் முதல் தடவையாக உன் 'லை'யில் தும்பிக்கை இல்லை. அதுவரை எனக்கு எதுவும் தோன்றவில்லை, சத்தியமாய். பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதங்களை எடுத்தேன். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்தேன். எல்லை, ஆட்சேபணை, இல்லை. மூன்றிலும் தும்பிக்கை. நான் சிலேட்டில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, மேலே ஏறி வளைந்து கீழே இறங்குகிற தும்பிக்கை.

பிறப்பு இறப்புப் பிரிவாம்! என்னிடமே பொய் எழுதிவிட்டாயே, பாவி.

மனைப் பத்திரத்தையும் எடுத்துத் தேதி பார்த்தேன். நீ குறிப்பு எழுதி ஆறாம் நாள் என் மனை பதிவாகியிருக்கிறது. பாதி விலைக்கு ஏன் கொடுத்தான் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். விதவைக்கு இரக்கம் காட்டுகிறான் என்று நினைத்து, அவன் மகள் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை வேறு எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு வாசலில், எப்போது ரிட்டயர்டு என்று அவன் கேட்டது சௌக்கியம் விசாரிக்க இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. காணாமல் போன கோப்பில் அந்த ஒரு தாள் மட்டும் வந்ததும் அதற்குத்தான். நான் பார்த்து வாயை மூட வேண்டும் என்றே கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு உன்மேல் கோபம். அதைவிட இந்த வீட்டுமேல் கோபம். வாசலைத் திறந்தால் வேன் நிற்கிறது, அதை நிறுத்தினது இந்த வீடுதான்.

உன் கையால் எழுது. நடந்ததை எழுது.

அக்கா


20.10.2025
தீபாவளி

அக்கா,

கையால்தான் எழுதுகிறேன். கையில் வலி எதுவும் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சுகந்தி அடுப்படியில் இருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

சுந்தரபாண்டியன் ஒரு வியாழக்கிழமை என் மேஜைக்கு வந்தான். முத்திரைத்தாளில் அடித்து, கையெழுத்துப் போட்ட தானப் பத்திரத்தைக் காட்டினான். "அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க. புதன்கிழமை பதிஞ்சு கொண்டாந்து தந்திருதேன். அன்னைக்கே அக்கா மனையையும் பதிஞ்சிருவோம்" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது வீட்டுக்காரர் உங்களைக் காலி செய்யச் சொல்லி, நீங்கள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தீர்கள். அந்தச் சாக்குதான் என் கண்ணில் நின்றது.

புதன்கிழமை உங்கள் பத்திரம் பதிவானது. தானப் பத்திரம் பதிவாகவில்லை. அடுத்த வாரம் என்றான், அடுத்த மாதம் என்றான். பிறகு எனக்கு மாறுதல் வந்தது. நான் அதைத் திரும்பிக் கேட்கவே இல்லை.

பொய் எழுதக் கூடாது என்றுதான் "பெறப்பட்டது" என்று எழுதவில்லை. பார்த்தேன், அதனால் பார்வையிடப்பட்டது என்று எழுதினேன். பதினான்கு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்த பிறகு அதுவும் இல்லை.

நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதனால் 28 வெள்ளியன்றே வழியனுப்பு விழா வைக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

நயினார்


6.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மழை நல்ல மழை.

கூட்டம் 27-ஆம் தேதி என்று அறிவிப்பு வந்திருக்கிறது. ஐயப்ப பக்தர்கள் வண்டி வரத் தொடங்கிவிடும், அதனால் லைசென்ஸைத் தள்ள முடியாதாம். பொருள் ஐந்து அவனுடையது. பொருள் ஆறு, பார்க் நிதியை வேறு வார்டுக்கு மாற்றுவது.

ஹைருன் பீவி தினமும் வருகிறாள். "யக்கா, அந்தத் தாளை மன்றத்துல வைங்க. எழுதுன கிளார்க் யாருன்னு ஒரு கேள்வி கேளுங்க, போதும். விசாரணைன்னு மேல போயிரும், லைசென்ஸ் நின்னுரும், நம்ம பார்க் பிழைச்சிக்கிடும். அந்த வருசம் அந்தச் சீட்டுல யாருன்னு பதிவேட்டைப் புரட்டுனா அஞ்சு நிமிசம்" என்கிறாள். அவளுக்கு யாரென்று தெரியாது. அஞ்சு நிமிஷம் என்பது எனக்கும் தெரியும். விசாரணை என்று வந்தால் உன் ஓய்வூதியத்தை நிறுத்திவைப்பார்கள் என்பதும் தெரியும்.

மாடிக்கு வெள்ளை அடித்தாயிற்று. சுகந்திக்குப் பிடித்த மாதிரி சமையல் மேடை கொஞ்சம் தணிவாகப் போட்டிருக்கிறேன்.

மாத்திரை போடு.

அக்கா


29.11.2025

அன்புள்ள தம்பி நயினாருக்கு,

விழா நல்லபடியாய் நடந்தது என்று சுகந்தி போனில் சொன்னாள். சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்களாம். ஒரு கறை இல்லாத ஊழியர் என்று பேசினார்களாம். அவள் அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன். அவள் எதற்கு அழுதாள், நான் எதற்கு அழுதேன் என்று உனக்குத் தெரியும்.

நேற்று முன்தினம் கூட்டம். தாள் என் பையில் இருந்தது. முந்தின நாளே நாலாய் மடித்து வைத்துவிட்டேன். போகிற வழியில் முத்துலட்சுமி கம்பை ஊன்றி வாசலில் நின்றாள். "யக்கா, இன்னைக்கு முடிவு தெரிஞ்சிருமா?" என்றாள். தெரிஞ்சிரும் என்றேன்.

பொருள் ஐந்து வந்தது. வாசித்தார்கள். ஹைருன் பீவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குள் கையை விட்டேன். தாள் விரலில் பட்டது. நீ சிலேட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வருவாயே, அந்த வயசு நயினார்தான் நினைப்பில் வந்தான். சாக்கில் கட்டின பாத்திரமும் வந்தது. முத்துலட்சுமியும் வந்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன். தலைவர், "ஏழாவது வார்டு உறுப்பினர் ஏதும் சொல்லுதீகளா?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

நான் கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

என் வார்டு என்பதால் தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். ஆட்சேபணை இல்லை. எழுதி முடித்த பிறகு பார்த்தால், இரண்டிலும் தும்பிக்கை போட்டிருக்கிறேன். இத்தனை நாள் உன்னைக் கேலி செய்தேன். சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. பார்க் நிதி நான்காவது வார்டுக்குப் போகிறது, நீ ஏப்ரலில் சொன்ன அதே ஊருணிக் கரைக்கு.

ஹைருன் பீவி ஆட்டோவில் ஏறும்போது, "யக்கா, நான் முந்திப் போறேன்" என்றாள். எப்போதும் சேர்ந்துதான் போவோம். முத்துலட்சுமியிடம் நிதி மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். "நீங்க என்னக்கா செய்வீய, ஒத்தைப் பொம்பளை" என்று எனக்கே ஆறுதல் சொல்லி, காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அதைவிட அவள் என்னை நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

அடுத்த தடவை நான் நிற்கப் போவதில்லை. உனக்காகச் செய்தேன், அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

ஜனவரியில் வந்துவிடுங்கள். அறை தயாராய் இருக்கிறது. ஜன்னலை மட்டும் திறக்க முடியாது, வேன் புகை. டாக்டர் உன்னையும் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறாரே, காலையில் சேர்ந்தே போவோம். முத்துலட்சுமியையும் கூட்டிக்கொள்வோம். ரோட்டில்தான். ஓரமாய்ப் போகலாம். நான் வண்டி வருகிற பக்கம் நடக்கிறேன், நீ உள்பக்கம் நட.

உன் அக்கா,
சந்தனமாரி